ஓப்பனிங் பேலன்ஸ்

சட்டையின் இடது கையைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். தோளுக்குக் கீழே சின்னதாக ஒரு தழும்பு தெரிகிறதா? பிறந்த கையோடு போட்ட பி.சி.ஜி. ஊசியின் ரசீது அது. அதை நம்பி 'நமக்கெல்லாம் டி.பி. வராது' என்று நினைத்துக்கொண்டிருந்தால், ஒரு நிமிஷம்.

பிரான்ஸில் கால்மெட், கெரான் என்று இரண்டு பேர். மாட்டு டி.பி. கிருமியை 13 வருஷம், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து, பல்லைப் பிடுங்கி, 1921-ல் தடுப்பு மருந்தாக்கினார்கள். 1950-களில் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். முக்கால்வாசிக்கு மேல் பாதுகாப்பு. பலே!

அப்புறம் நம்மூர். 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆரம்பித்து 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி. சிலருக்கு நிஜம், சிலருக்கு டம்மி. 1979-ல் ரிசல்ட் வந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யைத் தடுத்ததில் லாபம், பூஜ்யம்! 15 வருஷக் கணக்கை 1999-ல் போட்டுப் பார்த்தார்கள். அப்பவும் அதே கதைதான்.

ஏன்? முக்கியமாகச் சொல்லப்படும் காரணம், பி.காம். படித்த எனக்கே புரிந்தது.

டி.பி. கிருமிக்குப் பங்காளிகள் ஏராளம். குட்டைத் தண்ணியிலும் வயல் மண்ணிலும் இருக்கிற, பெரும்பாலும் சாதுவான ஜென்மங்கள். நம் உடம்பில் மேக்ரோபேஜ் என்று ஒரு செல், வாட்ச்மேன் மாதிரி. வருகிற கிருமியை விழுங்கி, துண்டு போட்டு, டி-செல்லிடம் காட்டும். டி-செல் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பங்காளிகளுக்குள் முகஜாடை ஒன்றுதானே? மண்ணில் புரண்டு வளர்ந்த நமக்கு ஊசிக்கு முன்பே கணக்கில் ஓப்பனிங் பேலன்ஸ் ஏறிவிடுகிறது. அதற்குமேல் ஊசி போடுகிற வரவு தனியாகத் தெரிவதில்லை. அல்லது, ஏற்கெனவே உஷாரான செல்கள் ஊசிக் கிருமியை வேலை செய்யவிடாமலே தீர்த்துவிடுகின்றன. வெள்ளைக்காரப் பையன் கணக்கில் பேலன்ஸ் கம்மி. போட்டது பளிச்சென்று தெரிந்தது.

நிஜ டி.பி. கிருமியோ எமகாதகன். வாட்ச்மேன் விழுங்கினாலும், ஜீரணப் பை தன்கிட்ட வராதபடி பார்த்துக்கொண்டு, வாடகை தராமல் உள்ளேயே குடியிருக்கும். டி-செல் 'இன்டர்ஃபெரான் காமா' என்று ரசாயனச் சீட்டு அனுப்பினால்தான் வாட்ச்மேனுக்கு வேகம் வரும். சர்க்கரை வியாதி, சத்துக் குறைவு, சிகரெட், தண்ணி எல்லாம் கிருமியின் கட்சி.

அப்ப ஊசி தண்டமா? இல்லவே இல்லை. பச்சைக் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் டி.பி.யிலிருந்து காப்பாற்றுவது அதுதான். பாப்பாவுக்கு மறக்காமல் போடுங்கள். உங்கள் இருமலுக்கு மட்டும் அதை ஜாமீன் கேட்காதீர்கள்.

எங்கள் பக்கம் இருமலுக்கு ரெடிமேடாக ஒரு பதில் உண்டு: "பஞ்சுத் தூசிங்க!" ஸ்பின்னிங் மில் அக்கவுண்ட்ஸில் இருக்கிற நண்பர் ஒருவர் மூணு மாசம் இதையே சொன்னார். தூசி படாத ஏ.சி. ரூமில் உட்கார்ந்துகொண்டு! அசல் காரணம், வீட்டில் பொண்ணு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காலத்தில் டி.பி. என்றால் பெருந்துறை சானடோரியம்தான். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-ல் சென்னை ஆராய்ச்சி ஒன்று உலகத்துக்கே நிரூபித்துவிட்டது. இன்றைக்கு கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் சளி டெஸ்டும் மாத்திரையும் இலவசம். சாதாரண டி.பி.க்கு ஆறு மாசம், நடுவில் நிறுத்தாமல்.

ரெண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைக் கொடுத்துவிடுங்க தம்பி. கல்யாணத்தை ஆறு மாசம் தள்ளலாம். வரப்போகிறவளுக்கும் சேர்த்து இருமல் கொடுக்கலாமா?