விலையின்றிக் கிடைப்பதும் ஆங்கிலத்தில்தானா?

மருத்துவக் கல்வி எக்காலத்தும் பொருட்செலவு மிக்கது. கல்லூரிக் கட்டணம் ஒருபுறமிருக்க, நூல்களின் விலையே எளிய குடும்பத்தைத் திணறச் செய்யும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நூலும், எழுதி அச்சேறி மாணவர் கைக்கு வருவதற்குள் சில செய்திகளில் பழமைப்பட்டுவிடும். இவ்விரு குறைகளையும் ஒருசேரக் களையும் முயற்சியொன்று கடந்த இருபது ஆண்டுகளில் உலகில் வேரூன்றி வளர்ந்துள்ளது. மருத்துவர்களே தாம் கற்றதையும் கண்டதையும் எழுதியும் படமாக்கியும் பேசியும் இணையத்தில் விலையின்றி வழங்குகின்றனர்.

ஆத்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்து மருத்துவர் பிராங்க் கெய்லார்டு 2005-இல் தொடங்கிய 'இரேடியோபீடியா' என்னும் ஊடுகதிர்ப் படக் களஞ்சியம் இவற்றுள் ஒன்று. நெஞ்சத் துடிப்பு வரைவுகளைப் படிக்கக் கற்பிப்பன, நஞ்சுண்டார்க்குச் செய்யும் பண்டுவத்தை விளக்குவன எனப் பல பின்னர்த் தோன்றின. 2012-இல் அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் உடனடி மருத்துவத் துறையினரின் உலக மாநாடு நடந்தபோது, ஆத்திரேலியாவிலிருந்து வந்த மருத்துவர் மைக் கடோகன் இம்முயற்சிகட்கெல்லாம் பொதுவாக ஒரு பெயர் சூட்டினார். கட்டற்ற மருத்துவக் கல்வி என்பது அதன் கருத்து. முதலெழுத்துகளைக் கூட்டிப் படித்தாலோ ஆங்கிலத்தில் நுரை என்று பொருள்படும். மதுக்குவளையின் நுரையைக் கண்டு தோன்றிய பெயர் என்பர். குடிக்கும் இடத்திலும் அவர்கட்குத் தம் மொழியிற் சொல் பிறக்கிறது. தமிழ் மருத்துவர்க்குக் கருத்தரங்க மேடையிலும் தமிழ்ச்சொல் பிறப்பதில்லை!

இக்களஞ்சியங்களின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் பேதைமை. நள்ளிரவில் மருத்துவமனைக் கூடத்தில் தனித்து நிற்கும் பயிற்சி மருத்துவர்க்கு மூத்தவர் வந்து சேரும்வரை கைப்பேசியே துணை. எழுதியவர் யார், என்று திருத்தப்பெற்றது என்று பாராமல் எதனையும் நம்பிவிடுதல் கேடு என்பதை மட்டும் அவர் மறத்தலாகாது.

எனினும், விலை என்னும் பூட்டு நீங்கிய கதவில் மொழி என்னும் பூட்டு அப்படியே தொங்குகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காட்டு உள்ளொதுக்கீடு வழங்கும் சட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2020-இல் இயற்றியது. அவ்வொதுக்கீட்டில் முதலிற் சேர்ந்தோர் பயிற்சி மருத்துவராகும் நிலையை எட்டிவிட்டனர். அவர்களுட் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை உயிரியலைத் தமிழிலேயே கற்றவர்கள். நுரையீரலையும் சிறுநீரகத்தையும் குருதியழுத்தத்தையும் அச்சொற்களாலேயே அறிந்தவர்கள். கல்லூரிக்குட் புகுந்த முதல்நாளே அச்சொற்களை வாயிலில் உதிர்த்துவிட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. பெருந்தொகை கொடுத்துத் தனிப்பயிற்சி பெறவியலாத அவர்கட்கே விலையில்லாக் கல்வி மிகுதியும் வேண்டும். ஆயின் அதனை எளிதிற் பற்றிக் கொள்வோர், ஆங்கிலப் பள்ளிக்குப் பணம் கட்டிப் படித்த செல்வர் பிள்ளைகளே. கொடுத்தவர் நோக்கம் ஒன்று. போய்ச் சேருமிடம் மற்றொன்று!

இது மாணவர் குறை மட்டுமன்று. நோயாளியின் உயிர்ச் சிக்கலுமாகும். பாம்புக்கடியை எடுத்துக் கொள்க. ஆத்திரேலிய மருத்துவர்கள் தம் நாட்டுப் பாம்புகளைப் பற்றியே விரிவாக எழுதியுள்ளனர், அஃது இயல்பே. இம்மண்ணில் உயிர்குடிப்பனவோ நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்பன. அவற்றுள் கட்டுவிரியன் இரவில் தரையிற் படுத்துறங்குவோரைத் தீண்டும். வலி பெரும்பாலும் இராது. பல் பட்ட தடமும் எளிதிற் புலப்படாது. விடியலில் வயிற்றுவலி என்று எழுவார்; இமை தாழும்; விழுங்குதல் கடினமாகும்; பின்னர் மூச்சுத் தளரும். கண்ணாடி விரியன் கடியைக் காட்டிக் கொடுக்கும் எளிய ஆய்வு, தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயிற் குருதியை இருபது நிமையம் அசையாது வைத்து, உறைகிறதா என்று பார்ப்பது. கட்டுவிரியன் கடியிலோ குருதி வழக்கம்போல் உறையும். அதனை மட்டும் நம்பிக் கடியில்லை என்று முடிவு செய்பவர் ஏமாறுவார். "எங்கே படுத்திருந்தாய்? கண்ணைத் திறக்க முடிகிறதா? எச்சில் இறங்குகிறதா?" என்று தமிழிற் கேட்கத் தெரிந்தவரே அவ்வுயிரைக் காப்பார். நச்சுமுறி மருந்துக்கு வேண்டும் நஞ்சினை எடுத்துத் தருவோரும் தமிழரே. மாமல்லபுரம் அருகே 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுக் கழகத்தார் அவர்கள். பாம்பின் இயல்பைப் பற்றி அவர்கள் அறிந்ததையெல்லாம் பயிற்சி மருத்துவர் படிக்கும்வண்ணம் எழுதிவைத்தார் எவர்?

அயலாரைக் குறைகூறவும் இங்கு வழியில்லை. இத்தளங்களுட் பலவற்றின் உள்ளடக்கம் படைப்பாக்கப் பொதும உரிமையில் வழங்கப்படுகிறது. எழுதியவர் பெயரைச் சுட்டி, விற்பனை நோக்கமின்றி, அதே உரிமையோடு வழங்குவதாயின் எவரும் தம் மொழியிற் பெயர்க்கலாம் என்பதே அவ்வுரிமையின் சாரம். கொடுத்தவர் கதவைத் திறந்து வைத்து, எடுத்துச் செல்க என்றும் எழுதி ஒட்டிவிட்டார். எடுப்பாரைத்தான் காணோம்.

எடுத்தார் ஒருவர் முன்னர் இருந்தார்; அவர் தமிழரல்லர். 1847-இல் இலங்கை வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலவழிப் பயின்றோர் ஊதியம் நாடி ஊரைவிட்டகல்வதைக் கண்டு, 1864-இல் தமிழிற் கற்பிக்கத் தொடங்கினார். தாமே தமிழ் கற்று, மாணவரைத் துணைக்கொண்டு உடற்கூறு, அறுவை, வேதியல் எனப் பெருநூல்களைத் தமிழாக்கினார். 'மனுச அங்காதிபாதம்' என அவர் உடற்கூற்று நூலுக்கிட்ட பெயரே வடசொற் குவியல்தான். அது அக்காலத்துப் பண்டிதர் செய்த பிழையேயன்றி அவர் பிழையன்று. 1873-இல் அவர் தாயகம் திரும்பியபின் அப்பணி தளர்ந்து நின்றது. தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்று தம் கல்லறையிற் பொறிக்கச் சொன்னவர் அவர்.

2022 அத்தோபரில் போபாலில் இந்தி மருத்துவ நூல்கள் பெருமுழக்கத்துடன் வெளியிடப்பட்டன. ஆங்கிலச் சொற்களை நாகரி எழுத்தில் எழுதிவைத்த பக்கங்கள் அவற்றுள் மிகுதி. அத்தகைய வேலை தமிழுக்கு வேண்டா. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் மருத்துவப் பெருநூல்கள் சிலவற்றைத் தமிழாக்கியது நற்றொடக்கமே; ஆனால் நள்ளிரவுக் கூடத்தில் பயிற்சி மருத்துவர் தேடுவது பெருநூலை அன்று, ஒரு பக்கத்தை. மருத்துவப் பல்கலைக்கழகம் முனைந்தால், பயிற்சி ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தையேனும் தமிழில் எழுதவோ பெயர்க்கவோ செய்யலாம். அதனைத் துறைப் பேராசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் திருத்தி இணையத்தில் ஏற்றலாம். முதற்பக்கம் கட்டுவிரியனைப் பற்றியதாக இருக்கட்டும்.