ஐந்து அளவுகளும் ஒரு படுக்கையும்

உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் என்ன காட்டுகிறது, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? 2022 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம், அரசு மருத்துவமனைகளில் நோய் உறுதியாகும் பெரியவர்களிடம் பார்க்கச் சொன்னது இந்த ஐந்தைத்தான். ரத்தப் பரிசோதனை வேண்டாம், ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டாம். அளவுகள் மோசமாக இருந்தால், மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் வார்டில் சேர்க்க வேண்டும். காசநோய்ச் சாவுகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நேர்ந்துவிடுகிறது என்பதால் வந்த ஏற்பாடு இது.

தர்மபுரி மாவட்டத்துக்கு இது பெரிய விஷயம். வத்தல்மலையிலிருந்தோ சித்தேரியிலிருந்தோ தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு இறங்கி வருபவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அவரை மாத்திரையோடு திருப்பி அனுப்பினால், அடுத்த முறை அவர் வருவது 108 ஆம்புலன்ஸில், மூச்சு வாங்கியபடிதான்.

தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் உருவாக்கிய ‘டிபி சேவா’ செயலி இந்த அளவுகளை வாங்கிக்கொண்டு, நோயாளி கடுமையான நிலையில் இருக்கிறாரா என்று உடனே சொல்கிறது. 2025 ஜூலையில் ஒரு படி கூடியது. சுமார் 56,000 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு, இறக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பதையும் அது கணித்துக் காட்டுகிறது. கடுமையான நிலையில் இருப்பவர்களுக்கு 10 முதல் 50 வரை, மற்றவர்களுக்கு 1 முதல் 4 வரை. ‘நாளைக்கு வந்து சேர்கிறோம்’ என்று தயங்கும் குடும்பத்திடம் பேச மருத்துவருக்கு இந்த எண் கைகொடுக்கும்.

காசநோய்க்கு வெளியேயும், நோயாளிகள் அவசரப் பிரிவுக்குத் திரும்பத் திரும்ப வருவதைக் கணினியின் துணையோடு குறைக்க முடியுமா? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2012இல் முயன்று பார்த்தது. நோயாளி உள்ளே நுழைந்ததும், மற்ற மருத்துவமனைகளுக்கு அவர் போய்வந்த விவரமும் திரையில் வந்துவிடும். கூடவே வேறு சில நடைமுறைகளும் வந்தன. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் இருப்பவர்களின் அவசர வருகை முதல் ஆண்டில் 9.9 சதவீதம் குறைந்தது.

அதே நாட்டின் கேம்டன் நகரத்தின் கதை வேறு. அடிக்கடி வார்டில் சேரும் நோயாளிகளைத் தரவுகளின் மூலம் கண்டுபிடித்து, செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் வீடு தேடிப் போனார்கள். 800 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குள் மீண்டும் வார்டில் சேர்ந்தவர்கள், கவனிப்புப் பெற்ற குழுவில் 62.3 சதவீதம், பெறாத குழுவில் 61.7. அவ்வளவு உழைப்புக்குப் பிறகும் வித்தியாசமே இல்லை! ஆளைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அவருக்குக் கொடுக்கக் கையில் என்ன இருக்கிறது என்பது மீதி.

காசநோய்த் திட்டத்தில் அந்த மீதிக்கு வார்டில் படுக்கை இருக்கிறது. ஆஸ்துமாவுக்கும் சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் இதே வழியைத் தர்மபுரியில் தொடங்க ஆட்கள் இல்லாமலில்லை. ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பெண்கள் இருக்கிறார்கள். சிட்லிங்கியில் 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் தொடங்கிய மருத்துவமனை பயிற்சி கொடுத்து வளர்த்த பழங்குடிப் பெண்கள் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போதே மென்பொருள் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: இவருக்கு எழுதிய இன்ஹேலர் இவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறதா? இந்த வாரம் இவரைப் போய்ப் பார்க்கப்போவது யார்?