கேமிங் பிசியை விற்றுவிட்டு கையடக்க கன்சோல் வாங்கலாமா?

கல்லூரி நாள்களில் காசு சேர்த்து அசெம்பிள் செய்த கேமிங் பிசி, வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு என்ன ஆகும்? பெரும்பாலும் தூசி படியும். அதில் விளையாட வேண்டுமென்றால் அந்த மேஜைக்கு முன்னால்தான் உட்கார வேண்டும். ஆன் செய்து, அப்டேட் முடிந்து, கேம் திறப்பதற்குள் குழந்தை எழுந்துவிடும். கையடக்க கேமிங் கருவிகள் மீது இவர்களுக்கு ஆசை வருவதில் ஆச்சர்யமில்லை.

அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது, அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் கொண்டுவந்த ஸ்டீம் டெக். 7 இன்ச் திரை, 669 கிராம் எடை. நின்டெண்டோ ஸ்விட்ச் 2017-லேயே வந்துவிட்டது. ஆனால், அதற்கான கேம்களைப் புதிதாக வாங்க வேண்டும். ஸ்டீம் டெக்கில் அப்படியில்லை. பிசிக்காக ஸ்டீமில் ஏற்கெனவே வாங்கிய கேம்கள், அதே அக்கவுன்ட்டில் வந்து நிற்கும். கிளவுட் சேவ் உள்ள கேம் என்றால், பிசியில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

இதைவிடப் பெரிய விஷயம், அதன் பவர் பட்டன். ஒருமுறை அழுத்தினால் கேம் அப்படியே உறங்கும். மறுபடி அழுத்தினால் சில விநாடிகளில் அதே காட்சியில் எழும். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள்கூட கொஞ்சம் விளையாடிவிடலாம். நேரமில்லாதவர்களுக்கு கிராபிக்ஸைவிட இதுதான் முக்கியம்.

சிக்கல் இனிமேல்தான். ஸ்டீம் டெக் ஓடுவது விண்டோஸில் அல்ல, லினக்ஸில். விண்டோஸுக்காக எழுதப்பட்ட கேம்களை புரோட்டான் என்ற மென்பொருள் அதில் ஓடவைக்கிறது. எல்டன் ரிங், ஹேடிஸ், ஸ்டார்டியூ வேலி எல்லாம் ஓடும். ஆனால், மோசடியைத் தடுக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் உள்ள பல ஆன்லைன் கேம்கள் ஓடாது. வேலோரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டுமே அதில் அடக்கம். ஓடிக்கொண்டிருந்த ஜிடிஏ ஆன்லைனும் 2024 செப்டம்பரில் நின்றுபோனது. நண்பர்களோடு ராத்திரி வேலோரன்ட் ஆடுவதற்காகவே பிசி வைத்திருப்பவருக்கு இந்தக் கருவியால் பயனில்லை.

பேட்டரியையும் யோசிக்க வேண்டும். முதல் மாடலுக்கு வால்வ் சொன்னது 2 முதல் 8 மணி நேரம். கனமான கேம் என்றால் 2 மணி நேரம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். மானிட்டருக்காக வடிவமைத்த பொடி எழுத்துகளை 7 இன்ச்சில் படிப்பதும் கண்ணுக்கு வேலைதான்.

இன்னொன்று, ஸ்டீம் டெக்கை வால்வ் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இங்கே கிடைப்பவை இறக்குமதி. ரிப்பேர் என்றால் வாரன்டியை நம்ப முடியாது. முறைப்படி கடைக்கு வந்தவற்றில் ஒன்று அசூஸ் ரோக் அல்லை. 2023-ல் 69,990 ரூபாய்க்கு அறிமுகமானது. விண்டோஸ் என்பதால் கேம்கள் விஷயத்தில் தொல்லை குறைவு. ஆனால், உறங்கி எழும் அந்தச் சுகத்தில் ஸ்டீம் டெக் அளவுக்கு இல்லை.

அந்தப் பணத்துக்காகத்தான் பலர் பிசியை விற்க நினைக்கிறார்கள். வீட்டில் அதே பிசியில்தான் பிள்ளைகளின் புராஜெக்ட்டும் பிரின்ட் அவுட்டும் நடக்கிறது என்றால் அவசரம் வேண்டாம். முதலில், கடந்த மூன்று மாதங்களில் நிஜமாக விளையாடிய கேம்களை ஸ்டீம் லைப்ரரியில் பாருங்கள். ஒவ்வொன்றின் ஸ்டோர் பக்கத்திலும் அது ஸ்டீம் டெக்கில் ஓடுமா என்று போட்டிருக்கும். பச்சை டிக் இருந்தால் கவலையில்லை. மஞ்சள் என்றால் எழுத்து சிறியதாக இருப்பது போன்ற சில்லறைக் குறைகள் இருக்கும். தினமும் ஆடும் கேமே ஓடாது என்றால், பிசி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.