வாங்காத கடனுக்கு வசூல் போனா? ஒரு தவணைகூட கட்டாதீங்க!

"மூணு மாசமா டியூ கட்டல" என்று போன் வருகிறது. நீங்களோ கடனே வாங்கவில்லை. உங்கள் பான், ஆதார் விவரத்தை வைத்து வேறு யாரோ ஆப்பில் கடன் எடுத்திருக்கிறார்கள். இப்போ என்ன செய்வது?

தொல்லை தாங்காமல் ஒரு தவணைகூட கட்டிடாதீங்க. கடனை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். முதலில் 1930-ல் அல்லது மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுங்கள். அந்த நகலோடு, 'இது என் கடன் அல்ல' என்று கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாக அனுப்புங்கள். விண்ணப்பம், செல்ஃபி, பணம் போன வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் கேளுங்கள்.

அடுத்து கிரெடிட் ரிப்போர்ட். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நான்குமே ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். தவறான கடன் இருந்தால் அங்கேயே புகார் பதியலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி இது. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுது என்பதை சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். ஆதார் பயோமெட்ரிக்கையும் லாக் செய்துவிடுங்கள்.

இவ்வளவு அலைச்சலும் ஏமாற்றப்பட்டவருக்குத்தான் என்பது என்ன நியாயம்? ஆளைச் சரியாகப் பார்க்காமல் கடன் கொடுத்தது நிறுவனம். 'நீங்கதான் வாங்கினீங்க' என்று அவர்கள்தான் நிரூபிக்கணும். அதுவரை நம் கிரெடிட் ஸ்கோரில் கை வைக்கக் கூடாது.