கடலில் போட்ட கண்ணி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் வேலை பார்க்கும் சகோதர சகோதரிகளே! நீங்கள் செய்யும் கார் சென்னைக்கோ எண்ணூருக்கோ போய்க் கப்பல் ஏறுகிறது. அந்தக் கடல் வழி அடைபட்டால் ஆலை என்ன ஆகும்? அடைப்பதற்குப் பெரிய கடற்படை வேண்டாம். கண்ணிவெடி போதும்.

கண்ணிவெடி என்பது மருந்து அடைத்த இரும்புக் குண்டு. தண்ணீருக்குள் மறைந்து கிடக்கும். கப்பல் முட்டினால் வெடிக்கும். காந்தக் கண்ணி என்றால் முட்டவும் வேண்டாம். இரும்புக் கப்பல் பக்கத்தில் வந்தாலே போதும்.

இதைப் போடுவதற்கென்றே பிரிட்டன் ஒரு போர்க்கப்பல் கட்டியது. பெயர் 'அட்வென்ச்சர்'. 1927-ல் கடற்படையில் சேர்ந்தது. வயிற்றில் சுமார் 280 கண்ணிகள்! தண்டவாளத்தில் நகர்ந்து வந்து, பின்பக்கமாக ஒவ்வொன்றாகக் கடலில் விழும். வேகம் மணிக்கு 50 கிலோ மீட்டர். பெரிய பீரங்கிகளோ நான்குதான். நின்று சண்டை போடுவது அதன் வேலை அல்ல. போட்டுவிட்டு ஓடுவதே வேலை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பின்பக்கத்தைத் தட்டையாகக் கட்டியதால் நீர் சுழித்து, போட்ட கண்ணியைக் கப்பலை நோக்கியே இழுத்தது! பிறகு மாற்றிக் கட்டினார்கள்.

1939 நவம்பர் 13-ந் தேதி தேம்ஸ் நதி முகத்துவாரத்தில், ஜெர்மானியர் போட்ட கண்ணியில் அந்தக் கப்பலே மாட்டிக்கொண்டது. துணைக்கு வந்த 'பிளான்ச்' என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கியே போனது. கண்ணி போடப் பிறந்த கப்பலுக்கே இந்தக் கதி என்றால், கார் ஏற்றிய கப்பல் எம்மாத்திரம்?

இதெல்லாம் சீமைக் கடலில் என்று நினைக்க வேண்டாம். 1917 பிப்ரவரியில் 'வுல்ஃப்' என்ற ஜெர்மன் கப்பல் கொழும்புக்கு வெளியே கண்ணி போட்டது. சரக்குக் கப்பலாக இருந்து போருக்காக மாற்றப்பட்ட கப்பல் அது. 'உஸ்டர்ஷயர்', 'பெர்சியஸ்' என்ற இரண்டு கப்பல்கள் அந்த மாதமே மூழ்கின. பம்பாய்க்கு வெளியே அது போட்ட கண்ணியில் 'மங்கோலியா' ஜூன் மாதம் மூழ்கியது. நாலு மாதம் காத்துக் கிடந்து வெடித்திருக்கிறது!

நம் கடற்படையிலும் கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் இருந்தன. நம் ஊர்ப் பெயரில், 'கடலூர்' என்றே ஒன்று! அது 2018-ல் ஓய்வு பெற்றது. கடைசிக் கப்பலான 'கோழிக்கோடு' 2019-ல் ஓய்வு பெற்றது. புதியவை வாங்க 2025 ஜூலையில் முதற்கட்ட அனுமதி கிடைத்தது. காகிதத்தில் இருக்கும் கப்பல் கண்ணி எடுக்காது. செலவு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் தீயணைக்கும் குழாய் வைக்காமல் எந்த ஆலையையாவது திறக்க விடுகிறார்களா? எந்தக் கட்டுதளத்தில், எந்த வருஷத்துக்குள் முதல் கப்பல் நீரில் இறங்கும் என்று சர்க்கார் தேதி போட்டுச் சொல்லட்டும்.