எரிதங்கள் ஏன் ஒழிவதில்லை?

2004 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டுக்கு வந்த பில் கேட்ஸ், இன்னும் இரண்டே வருடங்களில் எரிதப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார். இரண்டு என்ன, இருபது வருடமும் போய்விட்டது. லாட்டரியில் கோடி விழுந்த மடல்கள் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன!

பிரச்சினை மின்னஞ்சலின் பிறப்பிலேயே இருக்கிறது. மடல்களைக் கொண்டுசெல்லும் எஸ்.எம்.டி.பி. என்ற நெறிமுறை 1982-ல் வந்தது. அன்று வலையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பிய சின்னக் கூட்டம். அதனால் அனுப்புநர் முகவரி உண்மைதானா என்று அது கேட்பதே இல்லை. இன்லண்ட் லெட்டரின் பின்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதே கதைதான். இதைச் சரிபார்க்கும் எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம். எல்லாம் பின்னால் போட்ட ஒட்டுத்தான். எரிதம் அனுப்புபவனும் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி அந்தச் சோதனையில் தேறிவிடலாம்.

சரி, வடிகட்டியை இறுக்கினால்? எரிதத்தோடு நல்ல மடலும் மாட்டும். நேர்முகத் தேர்வு அழைப்பு ஸ்பாம் பெட்டிக்குள் போய், தேதி முடிந்தபின் கண்ணில் பட்டால் அந்த நஷ்டத்தை யார் தருவது? நூறு எரிதம் உள்ளே வருவதைவிட ஒரு நல்ல மடல் தொலைவது மோசம்.

சட்டம்? அமெரிக்கா 2003-லேயே போட்டது. ஆனால் அனுப்புபவன் ஒரு நாட்டில், வைரஸ் பிடித்து அவனுக்காக உழைக்கும் கணினிகள் வேறு பல நாடுகளில். 2008 நவம்பரில் கலிபோர்னியாவின் மெக்கோலோ நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்ததும் உலக எரிதங்களில் பாதிக்கு மேல் சட்டென்று நின்றது. சில மாதங்களில் பழையபடி ஆகிவிட்டது.

காரணம் பணம். அதே 2008-ல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு எரித வலைக்குள் புகுந்து கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ 35 கோடி மருந்து விளம்பர மடல்களுக்கு நடந்த விற்பனை வெறும் 28. அடுத்தவர் கணினியில் ஓசியில் அனுப்புபவனுக்கு அதுவே போதும்.

அப்படியானால் அடிக்க வேண்டிய இடமும் அதுதான். 2011-ல் வந்த இன்னொரு ஆய்வில், எரிதம் வழியே விற்ற மருந்து, போலிப் பொருள், மென்பொருள் ஆகியவற்றில் 95 சதவீதத்துக்கான பணம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வங்கிகள் வழியாகவே போனது தெரிந்தது. கோடிக்கணக்கான மடல்களைத் துரத்துவதைவிட அந்தச் சில கதவுகளைச் சாத்துவது எளிது. கல்லா காலியானால் கடை தானாக மூடும்.