ஒலிபெருக்கியும் கடைசி வாங்கும்

விழா மேடையிலே ஆன்றோர் ஒருவர் பேசுகின்றார். முன்வரிசையிலிருப்போர் காதைப் பொத்துகின்றனர்; கடைசி வாங்கு மாணவனுக்கோ சொல் விளங்கவில்லை. இக்குறை நீங்க, வரிசை ஒலிபெருக்கியைத் தொங்கவிடுதலே வழியென இந்நாளிற் பலர் கருதுகின்றனர். இக்கருத்து ஆராய்தற்குரியது.

தனிப்பெட்டியிலிருந்து புறப்படும் ஒலி, ஊதும் பலூன்போல மேலும் கீழும் பக்கமும் விரியும். தூரம் இருமடங்காகுந்தோறும் 6 டெசிபெல் குறையும். பல பெட்டிகளை ஒன்றன்கீழொன்றாக நெருக்கித் தூக்கினால், ஒலி மேலுங் கீழுஞ் சிதறாது செல்லும். குறைவு 3 டெசிபெல்லே. பிரான்சு நாட்டுக் கிறிஸ்தியன் ஹைல் என்பார் 1992இல் வெளிக்கொணர்ந்த வி-டொஸ்க் என்னும் அமைப்பு இம்முறையைப் பேரரங்குகளிற் பரவச் செய்தது.

ஆயின், இந்நலம் வரிசையின் நீளத்தையும் சுருதியையும் பொறுத்தது. சிறு பெட்டிகள் நான்கை மட்டும் தூக்கினால், தாழ்ந்த சுருதிகள் சிறிது தூரத்திலேயே தனிப்பெட்டியின் ஒலிபோல விரிந்து குறையும். செலவே மிஞ்சும்.

ஆயிரக்கணக்கானோர் கூடும் மைதானத்துக்கு நீண்ட வரிசை தக்கது; அதனை விழாநாளில் வாடகைக்குப் பெறலாம். நடுத்தர மண்டபத்துக்கோ, நல்ல தனிப்பெட்டிகள் இரண்டே போதும் என்பது எமது துணிபு. அவற்றைத் தலைகளுக்கு மேலே உயர்த்திப் பின்வரிசையை நோக்கிச் சாய்த்தல் வேண்டும். உயர்த்துவதால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்குமுள்ள தூர வேறுபாடு சுருங்கும். சாய்ப்பதால் ஒலியின் வலிமை பின்னிருப்போரைச் சேரும்.

பழைய மாணவர் உவந்தளிக்கும் பொருள் கண்ணுக்குப் பகட்டாகாது, காதுக்குப் பயனாதல் வேண்டும். விலை பேசுமுன், ஒருவர் கடைசி வாங்கில் அமர்ந்து கேட்பாராக. அங்கே ஒவ்வோரெழுத்தும் தெளிவாயின், அதுவே நமக்கேற்ற ஒலிபெருக்கி.